அடம் புடிக்கிற க்ராங்க் புல்லி: எங்க புடிச்சு இழுக்கணும், எங்க புடிக்கவே கூடாது

கேள்வி இதுதான். எஞ்சினோட க்ராங்க் தண்டுல (பிஸ்டன் எல்லாம் சேந்து சுத்துற தண்டு) முன்பக்க ஆயில் சீல் ஒழுகுது, அதை மாத்தணும்னா தண்டு முனையில பெல்ட் ஓட்டுற புல்லியை கழட்டணும், நடு போல்ட்டோட ரெண்டு நாள் மல்லுக்கட்டி ஒரு வழியா எடுத்தாச்சு, ஆனா புல்லி ஒரு நூல் கூட அசையல, ரெண்டு கால் புல்லரை (புடிச்சு இழுத்து கழட்டுற கருவி) ஓரத்துல மாட்டி இழுத்ததுல விளிம்பு ஒரு துண்டு பேந்து வந்துருச்சு. அடுத்து சுத்தியால அடிக்கலாமா, உடைஞ்ச அதே புல்லியை திரும்ப போடலாமா?

முதல்ல சுத்தியை கீழ வச்சிருங்க. உடைஞ்ச புல்லியை திரும்ப போட முடியாது, அதையும் இப்பவே சொல்லிடறேன், விளிம்பு போன இடத்துல பெல்ட் ஓரம் பிரிஞ்சு தேயும், ஒரு பக்கம் எடையும் குறைஞ்சிருக்கும், நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்குல சுத்துற சாமான் அது. புதுசு வாங்கித்தான் ஆகணும். ஆனா அதுலயே ஒரு நல்லதும் இருக்கு. பழைய புல்லி இனிமே குப்பைதான், சீலும் எப்படியும் மாத்தப் போறீங்க, அதனால மத்தவங்க பயந்துகிட்டு செய்யாத வேலையெல்லாம் நீங்க செய்யலாம், ஓட்டை போடலாம், சூடு காட்டலாம், ஒண்ணுமே முடியலன்னா வெட்டியும் எடுக்கலாம். நீங்க காப்பாத்த வேண்டியது மூணே மூணு: க்ராங்க் மூக்கு (புல்லி ஏறி உக்கார்ற தண்டு முனை), அதுக்குள்ள இருக்குற மரை, புல்லிக்கு பின்னாடி இருக்குற டைமிங் கவர். இந்த மூணுக்கும் கீறல் விழாம எது செஞ்சாலும் சரி.

விளிம்பு ஏன் பேந்துச்சுன்னு புரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி. பெரும்பாலான கார்ல இருக்குறது வெறும் புல்லி இல்ல, டேம்பர் புல்லி. நடுவுல ஒரு ஹப், அதை சுத்தி ஒரு ரப்பர் வளையம், அதுக்கு வெளிய கனமான இரும்பு வளையம், பெல்ட் ஓடுற பள்ளம் எல்லாம் அந்த வெளி வளையத்துலதான். ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கும்போதும் க்ராங்க் கொஞ்சம் முறுக்கிக்கிட்டு திரும்ப விரியும், அந்த அதிர்வை இந்த ரப்பர்தான் வாங்கிக்குது. க்ராங்க் மேல ஒட்டிக்கிட்டு நிக்கிறது ஹப் மட்டும், வெளி வளையத்துக்கும் க்ராங்குக்கும் நேரடி சம்பந்தமே கிடையாது. நீங்க ஓரத்தை புடிச்சு இழுத்தா அந்த இழுப்பு ரப்பர் வழியாத்தான் ஹப்புக்கு போகணும். ஒண்ணு ரப்பர் கிழியும், இல்ல வார்ப்பு விளிம்பு உடையும், ஹப் இருந்த இடத்துலயே இருக்கும். நான் ஆரம்பத்துல ஒரு வண்டில இதையே பண்ணேன், டக்குன்னு ஒரு சத்தம், புல்லி கையோட வந்துருச்சுன்னு ஒரே சந்தோஷம், பாத்தா வெளி வளையம் மட்டும் வளையல் மாதிரி கையில இருக்கு, ஹப் க்ராங்க்ல ஜம்முன்னு உக்காந்திருக்கு. அன்னைக்கு வந்த புத்திதான், இழுக்கறதுனா ஹப்பைத்தான் இழுக்கணும்.

மேல போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் பாத்துக்கோங்க. எஞ்சின் எதுன்னு நீங்க சொல்லல, அது முக்கியம். சில எஞ்சின்ல புல்லிக்கும் க்ராங்குக்கும் நடுவுல கீ (ரெண்டும் தனித்தனியா சுத்தாம பூட்டுற சின்ன இரும்புத் துண்டு) கிடையாது, டைமிங் ஸ்ப்ராக்கெட்டுக்கும் கிடையாது, நடு போல்ட்டோட இறுக்கம் ஒண்ணுதான் எல்லாத்தையும் சேத்து புடிச்சிருக்கும். ஃபோர்டு டியூராடெக் வரிசையில 4 சிலிண்டர் எஞ்சின், மஸ்டா எல் வரிசை எஞ்சின் எல்லாம் இந்த ரகம். அந்த மாதிரி எஞ்சின்ல போல்ட்டை லூஸ் பண்றதுக்கு முன்னாடியே கேம்ஷாஃப்டையும் (வால்வை திறந்து மூடுற தண்டு) க்ராங்கையும் அதுக்குரிய பின் போட்டு பூட்டணும். பூட்டாம போல்ட்டை எடுத்துட்டீங்கன்னா டைமிங், அதாவது வால்வும் பிஸ்டனும் ஒத்து அசையுற கணக்கு, நகந்திருக்கும்னு வச்சுக்கோங்க, மறுபடி டைமிங் செட் பண்ணாம ஸ்டார்ட்டர் பக்கமே போகாதீங்க, வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும். போல்ட் ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சு பாருங்க, ஹப்போட உள்சுவத்துல சதுரமா ஒரு காடி வெட்டி அதுல கீ தெரிஞ்சா நிம்மதி. தெரியலன்னா அந்த எஞ்சினோட சர்வீஸ் மேனுவலை பாக்காம அடுத்த அடி வைக்காதீங்க.

இன்னொரு கோஷ்டி இருக்கு, அதுல நடு போல்ட்டை தொடவே தேவையில்ல. ஃபோக்ஸ்வேகன் 1.9 டீசல்ல புல்லியை புடிச்சிருக்கிறது சுத்தி இருக்குற 4 ஆலன் போல்ட், நடுவுல தெரியுற பெரிய போல்ட் டைமிங் ஸ்ப்ராக்கெட்டோடது. சுசுகியோட பழைய ஜி வரிசை எஞ்சின்லயும் இதே கதைதான், சின்ன போல்ட்டுகளை எடுத்தா புல்லி வந்துரும். உங்களுக்கு ஏற்கனவே நடு போல்ட் வந்துருச்சு, அதனால புல்லி முகத்துல சின்ன போல்ட் ஏதாவது மிச்சம் இருக்கான்னு அழுக்கை சுரண்டி ஒரு தடவை பாத்துருங்க. சிரிக்காதீங்க, கிரீஸும் மண்ணும் மூடி போல்ட் தலையே தெரியாம, கழட்டாத போல்ட்டோட புல்லர் போட்டு இழுத்தவங்க நிறைய பேர்.

சரி, ஹப் ஏன் ஒட்டுது. ரெண்டு காரணம்தான். ஒண்ணு, ஹப் க்ராங்க்ல கையால தள்ளினா போற அளவுக்கு லூசாத்தான் செஞ்சிருப்பாங்க, ஆனா வருஷக்கணக்கா தண்ணி இறங்கி துரு புடிச்சு ரெண்டும் ஒண்ணாயிருக்கும், இல்லன்னா கீ ஓரத்துல பிசிறு கிளம்பி அடைச்சிருக்கும். இன்னொண்ணு, செய்யும்போதே ஓட்டையை மூக்கை விட ஒரு பொட்டு சின்னதா வச்சு அழுத்தி ஏத்தியிருப்பாங்க. ஜெனரல் மோட்டார்ஸ் எல்எஸ் எஞ்சின் இந்த ரெண்டாவது வகை, கீ கூட கிடையாது, இறுக்கம்தான் புடிமானம். துரு வகைன்னா துரு இளக்கி எண்ணெய், தட்டல், ஆட்டல், பொறுமை இதெல்லாம் வேலை செய்யும். அழுத்தி ஏத்துன வகைக்கு புல்லர் இல்லாம வேற வழியே இல்ல, எண்ணெய் எவ்வளவு ஊத்தினாலும் வீண்.

இப்ப புல்லர். உங்ககிட்ட இருக்குற கால் புல்லரை ஓரமா வைங்க. ஹப் முகத்தை துணியால துடைச்சு பாருங்க, ரெண்டோ மூணோ மரை வெட்டின ஓட்டை இருக்கும், பெரும்பாலும் 6 எம்எம் இல்ல 8 எம்எம் போல்ட் போறது. அது அலங்காரத்துக்கு வச்சதில்ல, புல்லருக்குன்னே கம்பெனிக்காரன் போட்டு வச்சது. ஸ்டீரிங் வீல் கழட்டுற புல்லர்னு விக்கிறாங்களே, ஒரு பட்டை இரும்பு, நடுவுல பெரிய திருகு, ரெண்டு பக்கமும் நீளக் காடி, அது இதுக்கு அப்படியே பொருந்தும். போல்ட் 8.8 கிரேடுக்கு குறையாம இருக்கணும், 10.9 கிடைச்சா இன்னும் நல்லது, கடைசி வரைக்கும் மரைல இறங்கியிருக்கணும், ஆனா ஓட்டையை தாண்டி பின்பக்கம் நீட்டி டைமிங் கவர்ல குத்திட்டு நிக்கக் கூடாது. நாலு மரை மட்டும் ஏத்திட்டு இழுத்தா வார்ப்பு இரும்பு மரை மாவு மாதிரி உதிர்ந்துரும்.

சில புல்லில ஓட்டையே இருக்காது, அதுக்கு பதிலா ஹப்புக்கும் வெளி வளையத்துக்கும் நடுவுல ஆரக்கால் மாதிரி இடைவெளி இருக்கும், எல்எஸ் எஞ்சின்ல அப்படித்தான். அங்க மூணு கால் புல்லர் போடலாம், ஆனா காலோட கொக்கி அந்த இடைவெளிக்குள்ள போயி ஹப்பை பின்னாடி இருந்து புடிக்கணும். ரெண்டு காலை விட மூணு கால் எப்பவும் மேல், இழுப்பு நேரா வரும், ரெண்டு கால் ஒரு பக்கமா சாய்ஞ்சு ஹப்பை கோணலாக்கி இன்னும் இறுக்கிடும்.

ஓட்டையும் இல்ல இடைவெளியும் இல்லன்னா, இங்கதான் உங்க புல்லி குப்பையா போனது உதவுது. ஹப்போட கனமான பகுதியில, நடுவுல இருந்து சம தூரத்துல, எதிரெதிரா ரெண்டு புள்ளி குத்திக்கோங்க, மூணு போட முடிஞ்சா இன்னும் சிறப்பு. 6.8 எம்எம் பிட்டால ஓட்டை போட்டு 8 எம்எம், 1.25 பிட்ச் (மரை இடைவெளி) மரை வெட்டுற டேப் ஓட்டுங்க. பிட்டுல எவ்வளவு ஆழம் போகணுமோ அங்க ஒரு ஒட்டு டேப் துண்டை சுத்தி அடையாளம் வச்சுக்கோங்க, புல்லிக்கு பின்னாடி சீலும் அலுமினிய கவரும் இருக்கு, ட்ரில் திடீர்னு வழுக்கி உள்ள போச்சுன்னா சீல் வேலை கவர் வேலையா மாறிடும். வார்ப்பு இரும்புல குறைஞ்சது 12 எம்எம் ஆழத்துக்கு மரை கிடைச்சா 8 எம்எம் போல்ட் நல்லாவே தாங்கும். பட்டை இல்லன்னா 10, 12 எம்எம் கனத்துல ஒரு இரும்பு தகடு எடுத்து நடுவுல ஒரு நட்டை வெல்ட் பண்ணி ஓரத்துல ரெண்டு ஓட்டை போட்டா அதுவே புல்லர். கடையில வாங்கினதை விட அந்த தகடு புல்லர் எனக்கு அதிகமா உழைச்சிருக்கு.

நடு திருகு எதுல முட்டுதுங்கிறதை பாருங்க, இதுல அவசரப்பட்டு க்ராங்கையே கெடுத்தவங்க உண்டு. மூக்குல போல்ட் போற ஓட்டை இருக்கு, அதோட வாயில திருகு முனை நேரா உக்காந்து அழுத்துச்சுன்னா முதல் நாலஞ்சு மரை நசுங்கிப் போகும், அப்புறம் போல்ட் கோணலா ஏறும், அதை சரி பண்றது பெரிய தலைவலி. அதனால ஒரு அடைப்பு வேணும். மூக்கு முகத்தை விட கொஞ்சம் சின்ன விட்டத்துல, ஓட்டையை விட பெருசா, ஒரு கெட்டி இரும்பு வட்டு வச்சா அழுத்தம் முகத்துல பரவும். அது கிடைக்கலன்னா பழைய நடு போல்ட்டையே திரும்ப உள்ள ஏத்துங்க, முக்கால்வாசி மரை ஏறட்டும், தலைக்கும் ஹப்புக்கும் நடுவுல 6, 8 எம்எம் இடைவெளி விடுங்க, புல்லர் அந்த தலை மேல முட்டட்டும். ஹப் அந்த 6 எம்எம் நகந்து போல்ட் தலையில வந்து நின்னாலே புடி விட்டாச்சுன்னு அர்த்தம், போல்ட்டை எடுத்துட்டு பெரும்பாலும் கையாலயே உருவிடலாம். திருகோட மரையிலயும் முனையிலயும் கிரீஸ் தாராளமா பூசுங்க, கிரீஸ் இல்லாம ஓட்டினா உங்க பலத்துல பெரிய பங்கு உராய்வுலயே போயிடும், புல்லர் மரையும் சீக்கிரம் செத்துரும்.

அப்புறம் இறுக்குங்க. பார்க்க பட்டை லேசா வளையுற அளவுக்கு வந்ததும் நிறுத்துங்க. இந்த இடத்துல எல்லாரும் இன்னும் இறுக்கப் போவாங்க, அதுலதான் எதாவது உடையும். இறுக்கி வச்ச நிலையிலேயே விட்டுட்டு, ஹப்புக்கும் மூக்குக்கும் நடுவுல தெரியுற கோட்டுல துரு இளக்கி எண்ணெய் விட்டு, ஹப் முகத்துல சுத்தி சுத்தி சின்ன சுத்தியால டொக் டொக்குனு தட்டுங்க. அந்த அதிர்வுல துரு பொடியாகி எண்ணெய் உள்ள இறங்கும். அரை மணி நேரம் விட்டு திருகை கால் சுத்து, மறுபடி தட்டல். ராத்திரி முழுக்க இறுக்கத்துல விட்டு காலைல வந்து பார்த்தா தானா வந்து தொங்கிட்டு இருந்த புல்லியெல்லாம் பாத்திருக்கேன். கீழ ஒரு சாக்கு போட்டு வைங்க, நாலஞ்சு கிலோ சாமான் கால்ல விழுந்தா வேலை அன்னையோட நின்னுடும்.

அதுக்கும் மசியலன்னா சூடு. கணக்கு சொல்றேன்: 30 எம்எம் ஓட்டை உள்ள இரும்பு ஹப்பை க்ராங்கை விட 100 டிகிரி அதிகமா சூடாக்கினா ஓட்டை சுமார் 0.036 எம்எம் பெருசாகும். கேக்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும், ஆனா துரு புடிப்பை உடைக்க இது போதும். இதுல விஷயம் என்னன்னா ஹப் சூடாகணும், க்ராங்க் குளிரா இருக்கணும். மெதுவா சின்ன தீயில அரை மணி நேரம் காட்டினா ரெண்டுமே ஒண்ணா சூடாகி ஒரு பிரயோஜனமும் இல்ல. நல்ல வேகமான சூட்டை ஹப்ல மட்டும் சீக்கிரமா குடுத்து, உடனே புல்லரை இறுக்கணும். புல்லியை திரும்ப போடுறவங்களுக்கு இந்த வழி கிடையாது, ரப்பர் வெந்துரும், சீலும் கருகும். உங்களுக்கு ரெண்டும் மாத்தப் போறதுதான், அதனால பரவால்ல. ஆனா முன்னாடி அடிச்ச எண்ணெயை எல்லாம் சுத்தமா துடைங்க, பக்கத்துல பெட்ரோல் பைப், வயரிங், பிளாஸ்டிக் டைமிங் கவர் எதுவும் இருக்கான்னு பாருங்க, தீயணைப்பு சிலிண்டர் கை எட்டுற தூரத்துல இருக்கணும். பிளாஸ்டிக் கவர்னா தீ வேண்டாம், ஹீட் கன் போதும்.

சுத்தி பத்தி கேட்டீங்க. அடிமேல அடி வச்சா அம்மியும் நகரும்னு சொல்வாங்க, இங்க நகர்றது த்ரஸ்ட் பேரிங். க்ராங்க் முன்னும் பின்னும் ஆட விட்டிருக்கிற இடைவெளியே சாதாரணமா 0.1ல இருந்து 0.3 எம்எம்தான், அதை புடிச்சு நிக்கிறது மெல்லிசான ரெண்டு பிறை வடிவ தகடு. மூக்கு மேல பெரிய சுத்தியால அடிச்சா அந்த அடி முழுக்க அதுலதான் இறங்கும். தட்டுறதுனா ஹப் முகத்துல, சின்ன சுத்தி, க்ராங்க் அச்சுல நேரா வேண்டாம். நெம்பறதும் அதே மாதிரிதான், பின்னாடி ரெண்டு நெம்பு பார் குடுத்து எதிரெதிரா சமமா நெம்புறது லூசா இருக்குற ஹப்புக்கு சரி, ஆனா பார் எதுல முட்டிட்டு நிக்குதுன்னு பாருங்க, அலுமினிய கவர்ல முட்டினா கவர்தான் முதல்ல விரிசல் விடும். எனக்கு ஒரு தடவை விட்டுச்சு. சீல் மாத்த ஆரம்பிச்ச வேலை, ஆயில் பேன் வரைக்கும் இறக்கி கவர் மாத்துறதுல போய் முடிஞ்சுது, அந்த வண்டிக்காரர் முகத்தை இன்னும் மறக்கல.

கடைசி வழி வெட்டுறது. கிரைண்டரால ஹப்பை நீளவாக்குல, கீ இருக்குற இடத்துக்கு நேர் மேல கோடு போட்டு, முக்கால் ஆழத்துக்கு வெட்டுங்க, முழுசா வெட்டினா மூக்குல பள்ளம் விழும். கீ மேலயே வெட்டுறது ஏன்னா தப்பித்தவறி ஆழமா போனாலும் அடி கீ மேல விழும், கீயை மாத்திக்கலாம். அப்புறம் அந்த காடில உளியை வச்சு ஒரு அடி, வார்ப்பு இரும்பு பிளந்து புடி விட்டுரும். சுத்தி இருக்குறதை ஈரத் துணியால மூடுங்க, கிரைண்டர் பொடி சீல் வழியா உள்ள போனா எஞ்சினுக்கு விஷம். கண்ணாடி போடாம இந்த வேலையை செய்யாதீங்க.

புல்லி வந்துரும், கவலைப்படாதீங்க. ஆனா போல்ட்டுக்கே ரெண்டு நாள் ஆச்சுன்னீங்க, திரும்ப இறுக்கும்போதும் அதே பிரச்சனை வரும், க்ராங்க் கூடவே சுத்தும். அதனால அதையும் பேசிடலாம், போல்ட் கட்டத்துலயே நிக்கிறவங்களுக்கும் உதவும்.

போல்ட் விஷயத்துல எல்லாரும் பலம் பத்தலன்னு நினைக்கிறாங்க, பெரும்பாலும் பலம் இருக்கு, புடிமானம்தான் இல்ல. ஹோண்டாவோட பழைய எஞ்சின்கள்ல இந்த போல்ட்டுக்கு சுமார் 180 நியூட்டன் மீட்டர், அப்புறம் வந்த கே வரிசையில 245, டொயோட்டா 2ஜேஇசட்ல 300க்கும் மேல. வருஷக்கணக்கா கிடந்து துரு ஏறினா கழட்ட அதை விட அதிகமா கேக்கும். 70 கிலோ ஆள் அரை மீட்டர் பார் முனையில முழு எடையையும் போட்டா கிடைக்கிறது சுமார் 340 நியூட்டன் மீட்டர், ஒரு மீட்டர் பைப் போட்டா அதுவே 680. ஆக பைப் போட்டா எந்த போல்ட்டும் வரணும். ஏன் வரல? க்ராங்க் லேசா சுத்துது, எக்ஸ்டென்ஷன் முறுக்குது, சாக்கெட் சாய்ஞ்சு வழுக்குது, நம்ம பலம் போற வழியிலேயே கரையுது. எக்ஸ்டென்ஷன் போட்டே ஆகணும்னா அது முனையை ஒரு ஜாக்கி ஸ்டாண்ட் மேல தாங்க வைங்க, சாக்கெட் நேரா நிக்கும். 12 மூலை சாக்கெட் வேண்டாம், 6 மூலைதான். அரை இன்ச் பார் வளைய ஆரம்பிச்சா முக்கால் இன்ச்சுக்கு மாறுங்க, முறுக்கி உடையுற பார் மூஞ்சில வந்து அடிக்கும்.

க்ராங்கை புடிக்க நல்ல வழி, புல்லிக்குன்னே இருக்குற ஹோல்டர். ஹோண்டா புல்லி நடுவுல 50 எம்எம் ஆறு மூலை பள்ளம் இருக்கும், அதுக்குள்ள உக்கார்ற டூல் தனியா கிடைக்குது. மத்ததுக்கு ஹப் ஓட்டைல ரெண்டு போல்ட் போட்டு ஒரு நீள இரும்பு பட்டையை மாட்டி, அதை தரையிலயோ சேசிஸ்லயோ முட்ட வைக்கலாம். ஃப்ளைவீல் பல்லுல மாட்டுற லாக்கும் நல்லது, ஸ்டார்ட்டர் மோட்டாரை எடுத்தா அந்த வழியா மாட்டிடலாம். பல்லு இடுக்குல ஸ்க்ரூ ட்ரைவரை சொருகறது மட்டும் வேண்டாம், பல்லோ பெல் ஹவுசிங்கோ ஏதோ ஒண்ணு போகும்.

கியர் போட்டு பிரேக் புடிக்கிற வழி மேனுவல் வண்டிக்கு சரி, ஆனா எல்லாரும் ஃபர்ஸ்ட் கியர் போடுறாங்க, அது தப்பு. ஃபர்ஸ்ட்ல க்ராங்க்ல குடுக்குற முறுக்கு பத்து மடங்குக்கு மேல பெருகி சக்கரத்துக்கு போகும், பிரேக் தாங்காம வண்டி நகரும். டாப் கியர்ல மூணு நாலு மடங்குதான், பிரேக் ஈசியா புடிச்சுக்கும். ஒருத்தர் உள்ள உக்காந்து பிரேக்கை அழுத்திக்கணும், ஹேண்ட் பிரேக் மட்டும் பத்தாது. சின்ன எஞ்சின் வண்டில கிளட்சே வழுக்கும், அது எஞ்சின் குடுக்குற முறுக்கை விட கொஞ்சம் அதிகம் தாங்குற மாதிரிதான் இருக்கும், 250, 300 நியூட்டன் மீட்டர் எல்லாம் அதுக்கு மேல. ஆட்டோமேட்டிக்ல இந்த வழி கிடையவே கிடையாது, எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல டார்க் கன்வெர்ட்டர்ல ஆயில்தான் இருக்கு, பார்க்கிங்ல போட்டாலும் க்ராங்க் சுத்தும்.

இம்பாக்ட் கன் (அடி அடியா தட்டி போல்ட்டை திருப்புற கருவி) இருந்தா இந்த புடிக்கிற தொல்லையே பாதி போயிடும், அடி வேகத்துல க்ராங்க் சுத்த நேரம் கிடைக்காம போல்ட் விட்டுரும். ஆனா நடுவுல நீள எக்ஸ்டென்ஷன் போட்டா அது ஸ்பிரிங் மாதிரி அடியை தின்னுரும். 19 எம்எம்ல கனமான ஒரு சாக்கெட் விக்கிறாங்க, ஹோண்டா போல்ட்டுக்குன்னே வந்தது, அந்த எடை அடியை முழுசா போல்ட்டுக்கு கொண்டு போகுது, சாதாரண சாக்கெட்ல வராதது அதுல அஞ்சு செகண்டுல வந்ததை பாத்தவங்க எல்லாம் இதை மந்திரம்னே சொல்லுவாங்க. காத்து கன்னா பைப் மெலிசா இருக்கக் கூடாது, 6 பார் அழுத்தம் கன் வாய்ல இருக்கணும், கம்ப்ரசர் மீட்டர்ல இருந்தா போதாது.

ஸ்டார்ட்டரை தட்டி போல்ட்டை விடுவிக்கிற வித்தை எல்லாரும் சொல்வாங்க, பாரை போல்ட்ல மாட்டி சேசிஸ்ல முட்ட வச்சு, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டிச்சுட்டு, சாவியை ஒரு நொடி திருப்புறது. முன்னாடி இருந்து பார்த்தா எஞ்சின் வலப்பக்கமா சுத்தினாத்தான் இது வேலை செய்யும், நிறைய எஞ்சின் அப்படித்தான். ஆனா ஹோண்டாவோட பழைய பி, டி, எச் வரிசையெல்லாம் இடப்பக்கம் சுத்தும், அதுல இதை செஞ்சா போல்ட் இன்னும் இறுகும். பார் முட்டுற இடத்தோட ஒட்டி நிக்கணும், இடைவெளி இருந்தா அந்த தூரத்துக்கு ஓங்கி அடிக்கும். எனக்கு இந்த வித்தை பிடிக்காது, வேற வழி இருக்கும்போது செய்யறதும் இல்ல.

ஸ்பார்க் ப்ளக் ஓட்டை வழியா கயிறு விடுற பழைய வழி இதை விட பாதுகாப்பு, சரியா செஞ்சா. வலப்பக்கம் சுத்துற எஞ்சின்ல போல்ட்டை கழட்டும்போது க்ராங்க் பின்னோக்கித்தான் திரும்பும் (இடப்பக்கம் சுத்துற ஹோண்டாவுக்கு தலைகீழ்), அதனால ஒரு சிலிண்டரை கம்ப்ரஷன் உச்சியை தாண்டி கொஞ்சம் கீழ இறக்கி, ரெண்டு வால்வும் மூடியிருக்கிற நிலையில, சுத்தமான நைலான் கயிறை உள்ள திணிச்சு, வால் வெளிய தொங்கட்டும். பின்னோக்கி திருப்பினா பிஸ்டன் மேல வந்து கயிறை மெத்தை மாதிரி அழுத்தி நிக்கும். வேற ஸ்ட்ரோக்ல விட்டா வால்வு திறந்திருக்கும், கயிறு அது வழியா போயி வால்வையே வளைக்கும். திரும்ப இறுக்கும்போது திசை மாறும், அப்ப உச்சிக்கு முன்னாடி நிறுத்தணும்.

மரைல சிவப்பு லாக்டைட் (மரையை இறுக ஒட்டுற பசை) போட்டிருந்தா பைப்பும் கன்னும் தோத்துரும், 250 டிகிரி பக்கம் போனாத்தான் அது இளகும். போல்ட் தலையை மட்டும் சூடாக்குங்க. துரு இளக்கி எண்ணெய் இந்த போல்ட்டுக்கு பெருசா உதவாது, தலைக்கு அடியில இருக்குற உராய்வும் இறுக்கமும்தான் எதிரி, அங்க எண்ணெய் நுழைய இடமே இல்ல.

இனி திரும்ப மாட்டுறது, சுருக்கமா. மூக்கை 400 எமரி பேப்பரால துடைச்சு, கீ ஓரத்துல பிசிறு இருந்தா அரத்தால ஒரு இழுப்பு. புது சீல் சாதாரண ரப்பர் உதடு வகைன்னா உதட்டுல எஞ்சின் ஆயில் தடவுங்க, காய்ஞ்சு ஓடினா அது சீக்கிரம் கெட்டுரும், ஆனா டெஃப்லான் (PTFE) உதடு வகையை பெரும்பாலும் காய்ஞ்ச நிலையிலயே மாட்டணும். புல்லியை சுத்தியால அடிச்சு ஏத்தாதீங்க, லூஸ் வகைன்னா கையால போகும், அழுத்தி ஏத்துற வகைன்னா நீள ஸ்டட், நட்டு, நடுவுல ஒரு பேரிங் வச்சு இழுத்து ஏத்துங்க. குட்டை போல்ட்டை வச்சு இழுக்கப் பார்த்தா நாலு மரை புடில மொத்த இழுப்பும் நின்னு மரையே உருவிடும்.

போல்ட் பழசா புதுசா? இத்தனை நியூட்டன் மீட்டர், அதுக்கு மேல இத்தனை டிகிரின்னு மேனுவல்ல இருந்தா, புது போல்ட் வேணுமான்னும் அதே பக்கத்துல போட்டிருக்கும், அதுல பல போல்ட்டுகள் ஒரு தடவை நீண்டா நீண்டதுதான். ஃபோக்ஸ்வேகன் டீசல் ஸ்ப்ராக்கெட் போல்ட்டுக்கு 120 நியூட்டன் மீட்டர், அப்புறம் கால் சுத்து, புது போல்ட்தான். எல்எஸ்ல இன்னும் விநோதம், பழைய போல்ட்டை வச்சு 330க்கு இறுக்கி புல்லியை உக்கார வச்சு, அதை எடுத்து போட்டுட்டு, புது போல்ட்டை 50க்கு இறுக்கி 140 டிகிரி திருப்பணும். மரைல எண்ணெய் போடணுமா காய்ஞ்சு இருக்கணுமான்னும் அதே பக்கத்துல இருக்கும், அதை மாத்தினா அந்த எண்ணுக்கே அர்த்தம் இல்ல, ஏன்னா நீங்க குடுக்குற முறுக்குல பத்துல ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்து புடிக்குது, மிச்சம் ஒன்பதும் தலைக்கு அடியிலயும் மரையிலயும் உராய்வுல போகுது. கன்னால இறுக்காதீங்க, டார்க் ரெஞ்சுதான்.

இறுக்கி முடிச்சதும் போல்ட் தலையில இருந்து ஹப் வரைக்கும் பெயிண்ட்ல ஒரு கோடு போட்டு, க்ராங்கை கையால ரெண்டு முழு சுத்து சுத்தி பாருங்க, எங்கயாவது முட்டினா நிறுத்திடுங்க. முட்டலன்னா பெல்ட்டை மாட்டி ஸ்டார்ட் பண்ணி, புல்லி ஓரம் ஆடாம ஓடுதான்னு பக்கவாட்டுல இருந்து பாருங்க, நேர் முன்னாடி நிக்காதீங்க. நாலு நாள் ஓட்டின பிறகு டார்ச் அடிச்சு அந்த கோட்டை ஒரு தடவை பாத்துருங்க, ரெண்டா பிரிஞ்சிருந்தா போல்ட் திரும்பியிருக்கு, எஞ்சினை அதோட நிறுத்தி மறுபடி கழட்டிப் பாருங்க.